கொழுந்தின் நாவலுக்கு வந்த விமர்சனம்

எழுத்தாளர் திருமலைக்கொழுந்தின் புதிய நாவல் இன்னும் கடைக்கு வரவில்லை. அதில் இருந்தது அவர் மகளின் கதை. எட்டு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை.

பதிப்பாளர் முன்கூட்டியே சில விமர்சகர்களுக்குப் பிரதி அனுப்பியிருந்தார். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று கொழுந்துக்குச் சோறு இறங்கவில்லை. தாமிரபரணிக் கரையில் மடம் வைத்திருந்த கோமதி அம்மையிடம் போனார். அவரைத்தான் குருவாகக் கொண்டிருந்தார்.

ஒரு பிரதியை அவர் முன் வைத்தார்.

"அம்மா, இது நல்ல புத்தகம்தானா?"

"வீட்டில் படித்தார்களா?"

"உலகம்மாளா? பெற்றவளாயிற்றே, பழசைக் கிளற வேண்டாம் என்று அவளிடம் காட்டவில்லை."

அம்மை பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரத்தில் முதல் விமர்சனம் வந்தது. கொழுந்து அதை எடுத்துக்கொண்டு மடத்துக்கு விரைந்தார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொழுந்து நின்றபடியே வாசித்தார்.

"'மகளைப் புதைத்துவிட்டு வந்த அன்று, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் கல்லாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயை மறக்கவே முடியாது.' கேட்டீர்களா அம்மா?"

"கேட்டேன். இன்னொரு விமர்சனமும் வந்திருக்கிறது."

"யாருடையது?"

"உலகம்மாளுடையது. நீங்கள் தந்த பிரதியை அவளிடம் கொடுத்தேன்."

கொழுந்து கையிலிருந்த தாளை மடித்தார். காலையில் அவள்தான் இட்லி வைத்தாள். சட்னி போதுமா என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"நீங்களா அம்மா கொடுத்தீர்கள்?"

"நல்ல புத்தகமா என்று கேட்டீர்கள். நான் அந்த வீட்டில் இருந்தவள் இல்லையே."

கொழுந்து அம்மையின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முழுக்கப் படித்தாளா?"

"இங்கே உட்கார்ந்துதான் படித்தாள். கடைசிப் பக்கம்வரை."

"என்ன சொன்னாள்?"

"நன்றாக எழுதியிருக்கிறார் என்றாள். ஒரே ஒரு இடம் மட்டும் தப்பு என்றாள்."

"எந்த இடம்?"

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"'அன்றைக்கு நான் அழுதேன் அம்மா. அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.'"