திரை செத்த கேமரா

கோவில்பட்டி சீனிராஜுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் ரெக்ஸலின். அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பது அவள் தொழில். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் அவர் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள்.

சீனிராஜ் கல்யாண வீட்டுப் படக்காரர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் தலையசைத்த பிறகுதான் தாலி ஏறியது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ளதுதான். ஒரு படம் எடுத்த உடனே கேமராவைத் திருப்பி, பின்பக்கத் திரையைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவார்.

“எப்படி விழுந்திருக்கு பாருங்க!”

“பிரமாதம்” என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குப் பந்தியில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு காலத்தில் ஹாக்கி கோல்கீப்பர். கல்யாணத்தோடு மட்டையைப் பரணில் போட்டவள், பிள்ளைகள் வேலைக்குப் போனதும் இறக்கிவிட்டாள். தலையில் நரை, முழங்காலில் வலி. இரண்டையும் அவள் சட்டை செய்யவில்லை. மூத்த பெண்களுக்கான போட்டியில் அவளுடைய அணி அரையிறுதிவரை வந்துவிட்டது.

அந்த ஆட்டம் சமனாகி, யார் வென்றது என்று முடிவுசெய்ய ஓர் ஆட்டக்காரிக்கு எதிரே ஒரு கோல்கீப்பர் என்று வந்து நின்றது. எதிரணிக்காரி பந்தை உருட்டிக்கொண்டு வந்தாள். பேச்சி முன்னால் பாய்ந்து விழுந்து தடுத்தாள். கோலருகே நின்ற சீனிராஜ் அதைப் படமாகப் பிடித்துவிட்டார். பிடித்த கையோடு பக்கத்தில் நின்றவரிடம் திரையைத் திருப்பினார்.

“எப்படி விழுந்திருக்கு பாருங்க!”

தெறித்த பந்து அதற்குள் எதிரணிக்காரியிடமே போனது. அவள் மறுபடி அடித்தாள். தரையில் கிடந்த பேச்சி காலைத் தூக்கி அதையும் தடுத்தாள். ஆட்டத்தை வென்று கொடுத்தது அந்தக் கால்தான். மைதானமே எழுந்து கத்தியது. சீனிராஜ் நிமிர்ந்து பார்த்தபோது தோழிகள் பேச்சியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் பேச்சி படத்தைப் பார்த்தாள்.

“இது சரி. ரெண்டாவது எங்க?”

அத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே படம் அது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. அழுவதற்குப் பதிலாகக் கேமராவைத் திட்டினார்.

மறுநாள் ரெக்ஸலின் முன்னால் போய் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை ஃபைனல், டீச்சர். இந்தக் கேமரா என் கழுத்தை அறுத்துட்டுது. வேகமான கேமரா பாடி ஒண்ணு வேணும். புதுசுக்கு வழியில்ல, பழசுதான். எதை வாங்க?”

ரெக்ஸலின் அவருடைய கேமராவைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

“மெதுவான கேமராதான். ஓடுற ஆளைப் பிடிக்கக் கஷ்டப்படும். அண்ணாச்சி, ரெண்டாவது பந்து வரும்போது நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?”

“முதல் படம் சரியா விழுந்திருக்கான்னு பாத்தேன்.”

“சரி. மதுரைக்குப் போவோம்” என்றாள்.

மதுரையில் பழைய கேமரா விற்கும் காஜா பாய், லென்ஸ் கழற்றிய மூன்று பாடிகளை மேஜையில் வைத்தார். முதலாவது ஒரு டாக்டருடையது. அலமாரியைவிட்டு வெளியே வராததால் மணப்பெண் போலப் பளபளத்தது. இரண்டாவதற்கு வெளியே மடக்கி விரிக்கிற அகலமான திரை. மூன்றாவது ஒரு பத்திரிகைக்காரரிடம் அடிபட்டு வந்தது. மூலைகளில் பெயின்ட் போயிருந்தது, பிடியின் ரப்பர் உரிந்து பசை போட்டு ஒட்டியிருந்தது, பின்பக்கத் திரை செத்துப்போய்க் கருப்பாகக் கிடந்தது.

சீனிராஜ் மூன்றாவதை ஓரமாகத் தள்ளிவைத்தார். டாக்டர் கேமராவில் தன் லென்ஸை மாட்டிக் காஜா பாயின் முகத்தை எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பாயின் தாடியில் ஒவ்வொரு முடியாகப் பார்த்தார்.

“கூர்மைன்னா கூர்மை! டீச்சர், பாருங்க.”

“பாய் ஓடுனாரா?” என்று கேட்டாள் ரெக்ஸலின்.

“அவரு எதுக்கு ஓடணும்?”

“பேச்சியக்கா ஓடுவாங்களே.”

காஜா பாய் சிரித்துவிட்டார். மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். மத்தியானச் சாலையில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. எதிரே வருகிற ஆட்டோக்களை எடுக்கச் சொன்னாள். சீனிராஜ் டாக்டர் கேமராவில் எடுத்தார். ஆட்டோ கிட்டே வரவர ஃபோகஸ் பின்தங்கியது. அகலத்திரைக் கேமராவில் எடுத்தார். அது பரவாயில்லாமல் துரத்தியது. திரையைப் பார்த்தார். ஆட்டோவின் முன்சக்கரம் கல்வெட்டு மாதிரி விழுந்திருந்தது.

“இதுதான் டீச்சர், இதுதான்! எப்படி விழுந்திருக்கு பாருங்க!”

“அந்த ஆட்டோவுக்குப் பின்னால என்ன போச்சு, அண்ணாச்சி?”

“பின்னாலயா?”

“சைக்கிள்ல ஒருத்தர் ரெண்டு கையையும் விட்டுட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டே போனாரு.”

சீனிராஜ் சாலையைப் பார்த்தார். எந்தச் சைக்கிளும் இல்லை. காஜா பாய், “ஆமாண்ணே, என்னா தைரியம்!” என்றார்.

ரெக்ஸலின் உள்ளே போய், திரை செத்த பாடியை எடுத்துவந்தாள். அதில் லென்ஸை மாட்டி, காதருகே வைத்து மடமடவென்று ஷட்டரை ஓடவிட்டுக் கேட்டாள். ஆட்டோக்களை எடுத்தாள். உள்ளே தூசு, கறை உண்டா என்று தெரிய வானத்தை ஒரு படம் எடுத்தாள். கார்டைக் கழற்றிக் கடையின் லேப்டாப்பில் போட்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

“ஷட்டர் எப்ப மாத்துனது, பாய்?”

“போன மாசந்தான்மா. உள்ள எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. திரை மட்டுந்தான் போச்சு.”

“அண்ணாச்சி, இதை வாங்குங்க.”

சீனிராஜுக்குச் சுருக்கென்றது. கண் தெரியாத மாட்டைத் தன் தலையில் கட்டுகிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

“எடுத்த படத்தை எப்படிப் பாக்க?”

“வீட்டுல போய்ப் பாருங்க.”

“செட்டிங்?”

“மேல சின்னக் கண்ணாடி இருக்கு பாருங்க, அதுல செட்டிங் நம்பரெல்லாம் தெரியும்.”

காஜா பாய்க்கு மனம் பொறுக்கவில்லை. “அண்ணே, கவலையை விடுங்க. சனிக்கிழமைக்குள்ள புதுத் திரை போட்டுத் தந்துடுறேன்.”

சீனிராஜின் முகம் மலர்ந்தது.

“திங்கக்கிழமை போடுங்க, பாய்” என்றாள் ரெக்ஸலின்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சீனிராஜ் வாங்கிய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மனதுக்குள் ஒன்றை முடிவு கட்டியிருந்தார். குருடோ நொண்டியோ, இந்தக் கேமராவில்தான் பேச்சியை எடுப்பது, எடுத்தே தீருவது. மறுநாளிலிருந்து அவள் பயிற்சிக்குக் கிளம்பும்போதே அவரும் கிளம்பினார். அவள் விழுந்து எழுந்தாள். அவர் மண்டியிட்டு எடுத்தார். வீட்டுக்கு வந்து இருவருமே தைலம் தேய்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. சீனிராஜ் கோலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி ரெக்ஸலின் தன் கேமராவோடு இருந்தாள்.

முதல் தடுப்பை எடுத்ததும் கை தானாகக் கேமராவைத் திருப்பியது. கருப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. வியர்வை வழிகிற, அசடு வழிகிற முகம். மறுபடியும் ஒருமுறை திருப்பினார். மறுபடியும் அதே முகம். சீச்சீ என்று கேமராவைக் கண்ணில் வைத்தவர், பிறகு அதைக் கண்ணைவிட்டு எடுக்கவே இல்லை.

கடைசி நிமிஷங்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. பந்து சீறி வந்தது. பேச்சி காலில் கட்டிய பேடால் தடுத்தாள். தெறித்ததை இன்னொருத்தி அடித்தாள். பேச்சி விழுந்தபடியே மட்டையை நீட்டி அதையும் தடுத்தாள். மூன்றாவது அடி அவள் தோளுக்கு மேலே பறந்து வலைக்குள் போனது.

சீனிராஜின் விரல் பொத்தானைவிட்டு எழவில்லை. கண்ணும் எழவில்லை.

அந்த ஒரு கோலில் கோப்பை அந்தப் பக்கம் போய்விட்டது.

எல்லாம் கலைந்த பிறகு பேச்சி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேடின் வாரை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

“விழுந்திருக்கா?”

சீனிராஜ் கேமராவைத் திருப்பினார். அதில் காட்ட ஒன்றும் இல்லை. ரெக்ஸலின் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“டீச்சர், படம் வந்திருக்குமா?”

“எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? கோல் விழுந்ததும் அக்கா என்ன செஞ்சாங்க?”

“அவளா? வலைக்குள்ள கிடந்த பந்தைத் திரும்பியே பாக்கல. கூட ஆடுற பிள்ளைக எல்லாம் தலையில கைய வச்சுட்டு நிக்கிதுக. இவ மட்டும் முட்டியை ஊனி எந்திரிச்சா. வலதுகால் தாங்கல, கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, ‘இன்னும் நேரம் இருக்கு, போங்கடி’ன்னு மட்டையை நீட்டி அவளுகளை முன்னால விரட்டுனா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு, டீச்சர். ஆனா துடைக்கல.”

வார் அவிழ்த்துக்கொண்டிருந்த பேச்சியின் கை நின்றது. அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப நல்ல கேமராதான், அண்ணாச்சி” என்றாள் ரெக்ஸலின்.