பொன்னுரங்கத்தின் கல் இறங்கிய கதை

சாமி எல்லோருக்கும் அளந்துதான் மூளை வைக்கிறார். மொட்டைப்பாறை ஊர் முறை வந்தபோது மட்டும் கை கொஞ்சம் ஓய்ந்துபோயிருக்க வேண்டும். அந்த ஊரில் பொன்னுரங்கம், சடையப்பன், அய்யாக்கண்ணு, உலகநாதன் என்று அண்ணன் தம்பிகள் நாலு பேர். யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. யார் பெண் கொடுப்பார்கள்?

ஒரு நாள் பெரியவர் பொன்னுரங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினார். ஓட்டிலிருந்த காக்காய் எல்லாம் பறந்துவிட்டது. தம்பிகள் அவரை டவுன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "முதுகுப் பக்கம் ரெண்டு சிறுநீரகம் இருக்கு, அவரை விதை மாதிரி. ரத்தத்தை ஓயாம வடிகட்டும். வேண்டாத கழிவும் தண்ணியும் ரெண்டு குழாய் வழியா கீழே சிறுநீர்ப்பைக்கு வரும். பை நிறைஞ்சா வெளியே போகும். இவருக்கு இடது குழாயில ஒரு கல் மாட்டியிருக்கு. அது இறங்கணும். தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க, நல்லா நடங்க. சிறுநீரை வடிகட்டியில பிடிச்சு, விழுற கல்லைக் கொண்டு வாங்க. பத்து நாள்ல வரலேன்னா கருவி விட்டுத்தான் எடுக்கணும்."

"கருவின்னா... கடப்பாரையா சார்?" என்றார் பொன்னுரங்கம். கல்லைப் பெயர்க்க அவருக்குத் தெரிந்த கருவி அது ஒன்றுதான். வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தார்.

வாசலில் கூடி ஆலோசனை நடந்தது.

"கல்லு இறங்கணும்னார் டாக்டர். சமதரையில நடந்தா எப்படிடா இறங்கும்?" என்றான் சடையப்பன். "முருகன் கோயில் மலையில ஏறி இறங்குவோம்."

நூற்றிருபது படி ஏறினார்கள், இறங்கினார்கள். அடிவாரத்தில் அய்யாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். "மோசம் போனோமே! அண்ணன் ஏறும்போது கல்லும் கூடவே ஏறிடுச்சு. ஏறினது நூத்திருபது, இறங்கினது நூத்திருபது. கல்லு இருந்த இடத்துலயே இருக்கு!"

கடைசியில் உலகநாதன்தான் வழி சொன்னான். "அண்ணன் ஏறவே கூடாது. நாம தூக்கிட்டுப் போவோம். ஏறுறது நாம. அவர் இறங்க மட்டும் செய்யட்டும்."

"அடேய், நீ பெரிய படிப்பு படிச்சிருக்க வேண்டியவன்டா!" என்று பொன்னுரங்கம் கண் கலங்கினார்.

அன்றிலிருந்து தினமும் மூன்று தம்பிகள் அவரைத் தோளில் சுமந்து ஏறினார்கள். மூணு லிட்டர் தண்ணீர் குடித்த மனுஷர் என்ன கனம் கனப்பார்! வீட்டிலோ டீ வடிகட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது டீ கொடுத்தால் விரதம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்பது நாள் போனது. கல் வரவில்லை. பத்தாம் நாள் காலை, மலை உச்சியில் பொன்னுரங்கம் திடீரென்று துள்ளினார்.

"தம்பி, பை நிறைஞ்சுபோச்சுடா!"

"அடக்கிக்கோண்ணே! வடிகட்டி வீட்டுல இருக்கு!"

கடப்பாரையை நினைத்தாரோ என்னவோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூற்றிருபது படியையும் நாலே மூச்சில் இறங்கி வீட்டுக்குள் பாய்ந்தார். உள்ளேயிருந்து ஒரு அலறல். பிறகு, டிக்!

வடிகட்டியை நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். கடுகுக்கு அண்ணன் மாதிரி ஒரு துளிக் கல்.

"இதுவா?" என்றான் சடையப்பன். "அண்ணன் போட்ட கூச்சலென்ன, இதோட அளவென்ன? இதைக் கொண்டுபோனா, இதுக்கா இப்படிக் கத்தினேன்னு டாக்டர் சிரிப்பார். அண்ணன் மானம் போயிடும்."

"அப்புறம் பொய்னு நினைச்சுக் கடப்பாரையை எடுத்துட்டா?" என்றான் அய்யாக்கண்ணு.

துளிக் கல் சாக்கடைக்குப் போனது. அண்ணன் கூச்சலுக்குப் பொருத்தமான கல்லை வீடெல்லாம் தேடினார்கள். கிடைத்தது.

டாக்டர் மேஜையில் அம்மிக்கல்லை வைத்ததும் மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்னய்யா இது?"

"அண்ணனோட கல்லு சார்."

டாக்டர் குனிந்து மோந்து பார்த்தார். "தேங்காய்ச் சட்னி வாசனை வருதே?"

"காலையில அண்ணன் அதைத்தான் சாப்பிட்டார் சார்," என்றான் உலகநாதன்.

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். "அதிசயம்தான். இடது குழாய் சுத்தமா இருக்கு. கருவி தேவையில்லை."

"முருகா!" என்று நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆனா வலது சிறுநீரகத்துல இன்னொரு கல் இருக்கு. இதைவிடச் சின்னது."

பொன்னுரங்கம் தம்பிகளைத் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

"அப்பவே சொன்னேன்ல, அம்மியைத் தனியா எடுத்துட்டு வராதீங்கன்னு? ஓடுங்கடா, குழவியையும் கொண்டு வாங்க!"