மாகாளியப்பன் கடையில் கதையில்லாத இன்ஜின்

கோயமுத்தூரில் புளுகுக்கு வரி என்று ஒன்று இருந்திருந்தால், சிங்காநல்லூர் மாகாளியப்பன் ஒருவர் கட்டும் வரியிலேயே ஊருக்கு இரண்டு மேம்பாலம் எழும்பியிருக்கும். அப்படி வரி எதுவும் இல்லாததால் அவர் நிம்மதியாகப் பழைய கார் இன்ஜின் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அடிபட்டு நொறுங்கிய வண்டிகளிலிருந்து கழற்றிய இன்ஜின்கள் அவருடைய தகரக் கொட்டகை முழுக்க வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. உள்ளே ஆயில் இருக்கிறதோ இல்லையோ, கதை நிச்சயம் இருக்கும்.

அந்தக் கொட்டகை வாசலை மிதிக்கவேண்டிய தலையெழுத்து சுகுணாவுக்கு ஒரு புதன்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. சுகுணா கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தயாராகி வரும் பம்புகளை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டு, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்வது அவள் வேலை. கிணத்துக்கடவிலிருந்து தினமும் தன் ஹேட்ச்பேக் காரில் வந்துபோவாள். வாரம் முழுக்க டிபன் பாக்ஸ் சுமக்கும் அதே கார் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டோகிராஸ் பந்தயத்தில் ஓடும். செட்டிபாளையம் பக்கத்துப் பொட்டலில் ரப்பர் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு வண்டியாக வளைந்து நெளிந்து ஓடவிட்டு நேரம் பார்க்கிற பந்தயம் அது. கூம்பில் இடித்தால் இரண்டு செகண்ட் கூட்டிவிடுவார்கள். நாலு வருஷமாக அவளுக்கு இரண்டாம் இடந்தான். இந்த ஞாயிறு நடக்கும் கடைசிச் சுற்றில் ஜெயித்தால், இன்ஜின் அளவை வைத்துப் பிரித்த வகுப்புகளில் அவளுடைய வகுப்பின் கோப்பை அவளுக்கு.

இந்த நேரம் பார்த்துத்தான் திங்கட்கிழமை மலுமிச்சம்பட்டி தாண்டியதும் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. சூட்டு முள் சிவப்பில் ஏறியதை அவள் பார்த்தாள். இன்னும் கொஞ்ச தூரந்தானே என்று ஓட்டினாள். ஊரார் பம்பையெல்லாம் சத்தத்திலேயே பிடிக்கிறவளுக்கு அன்றைக்குச் சொந்த வண்டியின் அலறல் மட்டும் காதில் விழவில்லை. மெக்கானிக் சகாயம் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க மேடம்" என்றார். சகாயம் அதிகம் பேசுகிறவர் இல்லை.

கையிலிருந்த பணத்துக்கு ஒரே ஒரு பழைய இன்ஜின்தான் வாங்க முடியும். தப்பாக வாங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோப்பையும் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் மேனேஜர் முகத்தையும் பார்க்கவேண்டும். அதனால் சகாயத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மாகாளியப்பன் ஒரு இன்ஜின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்தார். கை ஆடாமல் அவருக்குக் கதை வராது.

"வேலைக்கும் போகோணும், பந்தயமும் ஓட்டோணும். அம்புட்டுத்தானுங்களா அம்மிணி? இதா பாருங்க" என்று முதல் இன்ஜினைக் காட்டினார். பெரிய காரிலிருந்து கழற்றிய ஆயிரத்து அறுநூறு சிசி இன்ஜின். "வால்பாறை எஸ்டேட்காரரு ஒருத்தரு ஓட்டுனதுங்க. அந்த ரோட்டுல நாப்பது கொண்டை ஊசி வளைவு இருக்குது, தெரியுமுங்களா? ஒருநாள் கொஞ்சம் அவசரமுன்னு அழுத்திப்போட்டாரு. அவரு கீழ எறங்கி வந்து திரும்பிப் பாத்தா மலையில ஒரு வளைவு கூட இல்லீங்க. ரோடு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா நிக்குது. அடுத்த நாள் நூறு ஆளு வந்து ஒவ்வொண்ணா வளைச்சு வெச்சுட்டுப் போனாங்க."

"நூறு பேருமா?" என்றார் சகாயம்.

"முதல்ல அம்பது பேருதேன் வந்தாங்க. ரோடு மடங்கல."

சுகுணா பொறுமையாகக் கேட்டாள். "என்ற கிளாஸ் ஆயிரத்து நானூறு சிசி வரைக்குந்தாங்ணா. இது ஆயிரத்து அறுநூறாச்சே."

"அது பொறந்தப்ப, அம்மிணி. மலையேறி மலையேறி மெலிஞ்சு போச்சுங்க. இப்ப அளந்து பாத்தா ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூறு கூட வராது."

சகாயம் ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரலில் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். "வால்பாறையில மழை ஜாஸ்திங்க" என்றார் மாகாளியப்பன், கூசாமல்.

பழைய இன்ஜின் வாங்குவதில் அந்த வட்டாரத்தில் ஒரு முறை உண்டு. தரையில் ஒரு லாரி டயரைப் படுக்கப் போட்டு, அதன் மேல் இன்ஜினை உட்காரவைத்து, பேட்டரி வயரைக் கொடுத்து, வாட்டர் பாட்டிலில் பெட்ரோலையோ டீசலையோ ஊற்றித் தொங்கவிட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டவேண்டும். சத்தத்தைக் கேட்டபிறகுதான் பேச்சுவார்த்தை. சுகுணா, "டயர்ல வெச்சு ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

"இதையுங்களா? பக்கத்து வீட்டு ஓடெல்லாம் போன தடவை பறந்ததே இன்னும் திரும்பி வரல. நீங்க அடுத்ததைப் பாருங்க."

அடுத்தது டீசல் இன்ஜின். மேலிருந்து அடிவரை ஓடிய விரிசலில் பசை அப்பியிருந்தது. அதைப் பார்த்தவுடனேயே சகாயம், "வண்டியோட மூக்கு கனத்துப் போகும் மேடம். கூம்புல வண்டி திரும்பாது" என்று முணுமுணுத்தார். மாகாளியப்பனுக்குப் பாம்புக் காது.

"வண்டி எதுக்குங்க திரும்போணும்? இதை டயர் மேல வெச்சு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுனேன். கயிறு கட்ட மறந்துட்டேன். இன்ஜின் அசையலீங்க, பூமி சுத்த ஆரம்பிச்சிருச்சு. மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் பொழுது எறங்கி இருட்டிப்போச்சு. பள்ளிக்கோடமெல்லாம் விட்டுட்டாங்க. கோழியெல்லாம் போய்க் கூட்டுல அடைஞ்சிருச்சு."

"எங்க கம்பெனில அன்னிக்கும் அஞ்சரைக்குத்தான் விட்டாங்க" என்றாள் சுகுணா.

"உங்க கம்பெனி அப்படிப்பட்ட கம்பெனின்னு கேள்விப்பட்டனுங்க." அவர் அசரவில்லை. "டீசல் கணக்கைக் கேளுங்க அம்மிணி. மாசம் ஒருக்கா பங்க்குக்குப் போயி, மிச்சமானதை எறக்கி ஊத்திட்டு வரோணும். இல்லீன்னா டேங்க் நெறஞ்சு ரோட்டுல வழியும். பங்க்குக்காரரு வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு, இப்படிக் கொண்டாந்து ஊத்துனா நான் எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு."

"சரிங்ணா, ஸ்டார்ட் பண்ணுங்க. பாக்கலாம்."

"இன்னிக்கு முகூர்த்த நாளுங்க. பத்தரைக்கு மேல முகூர்த்தமுன்னு நாலு மண்டபத்துல மாப்பிள்ளைக உக்காந்திருக்கறாங்க. பொழுது எறங்கிருச்சுன்னா யாரு பொறுப்பு?"

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. கூடவே ஒரு விஷயமும் பிடிபட்டது. அவள் கம்பெனிக்கு இரும்பு வார்ப்பு அனுப்புகிறவர்களில் சிலர் பெட்டிக்குள் ஏழெட்டுச் சான்றிதழ் வைத்து அனுப்புவார்கள். அந்தப் பெட்டியைத்தான் அவள் முதலில் உடைப்பாள். சான்றிதழ் எத்தனையோ, வார்ப்பில் ஓட்டை அத்தனை. இங்கேயும் அதே கதைதான். ஆயிலில் தண்ணீர் கலந்த இன்ஜினுக்கு ஒரு மலையை நிமிர்த்தினார். அதைவிட மோசமான இன்ஜினுக்குப் பூமியையே சுற்றிவிட்டார். வியாதி முற்ற முற்றப் புளுகு வளர்கிறது. அப்படியானால் மனுஷர் எந்த இன்ஜினுக்குக் குறைவாகப் புளுகுகிறார் என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது இன்ஜினுக்கு மாலை போட்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு சாமி காலண்டர் அட்டை வேறு மாட்டியிருந்தது. மாகாளியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"இது ரேஸ்ல ஓடுனதுங்க. வெளிய சொல்லக்கூடாது. கொடி அசைச்சாங்க பாருங்க, அசைச்ச கொடி எறங்கறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிருச்சு. வாட்ச்ல பாத்தா மைனஸ் ரெண்டு செகண்ட். ஓட்டுனவரு கப்பு வாங்கிட்டு, வீட்டுக்குப் போயிச் சோறு தின்னுட்டு, திரும்பி வந்து பாக்கறாரு. அங்க அவரே ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஸ்டார்ட்டுல நின்னுட்டு இருக்கறாரு. கையாட்டி, 'தைரியமா ஓட்டு, நாமதேன் பஸ்ட்டு'ன்னு சொல்லிட்டு வந்தாராம்."

"எங்க பந்தயத்துல கொடிக்கு முன்னாடி கெளம்புனா ஃபவுலுங்ணா" என்றாள் சுகுணா.

"முன்னாடி கெளம்பறதில்லீங்க. முன்னாடி போய்ச் சேர்றது. அதுக்கு ரூல்ஸ் புக்குல தடை எதுவும் போடலயே?"

தடை எதுவும் இல்லை என்பதை அவள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்குள் சகாயம் காலண்டரைத் தூக்கிவிட்டார். அடியில் இரும்பு உடைந்து, முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த ராடு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்தோட்டத்துக்குங்க" என்றார் மாகாளியப்பன்.

"சரி, இதையாவது ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"அதைத்தேன் நேத்தே காட்டிட்டனுங்களே அம்மிணி. நீங்கதேன் வரல."

சகாயம் கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். சுகுணா போகவில்லை. மாகாளியப்பன் திரும்பவும் போய் உட்கார்ந்த இடத்தையே பார்த்தாள். வந்ததிலிருந்து அவர் அந்த இன்ஜினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் காரில் இருந்ததே போன்ற ஆயிரத்து இருநூறு சிசி பெட்ரோல் இன்ஜின். ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பர் மாற்றவும் தகராறு இருக்காது.

"நீங்க உக்காந்திருக்கறது என்னுங்ணா?"

மாகாளியப்பன் முகம் விழுந்துவிட்டது. "இதுங்களா? இது ஒண்ணுமில்லீங்க. சூலூர்ல ஒரு டீச்சரம்மா பள்ளிக்கோடத்துக்குப் போய்வந்த வண்டி. நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குது. நிறுத்தி வெச்சிருந்தப்ப லாரி வந்து பின்னாடி இடிச்சிருச்சு. அவ்வளவுதேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன அப்புறம். நேரத்துக்கு ஆயில் மாத்தியிருக்கறாங்க." அவர் ஏதாவது சேர்க்கப் பார்த்தார். வாயைத் திறந்தார், கையைத் தூக்கினார், ஒன்றும் வரவில்லை. கையைக் கீழே போட்டார். "இதுக்குக் கதை இல்லீங்க அம்மிணி."

சகாயம் வாசலிலிருந்து திரும்பி வந்து அவள் காதில் சொன்னார். "மேடம், இருக்கறதுலயே பெரிய புளுகு இதுதான். டீச்சரம்மா ஓட்டுன வண்டின்னு சொல்லாத புரோக்கர் இந்த ஊருல உண்டா? பூமி சுத்துனதைக்கூட நம்பலாம், இதை நம்பாதீங்க."

சுகுணாவும் ஒரு நிமிஷம் தடுமாறினாள். ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும், திரும்பக் கொடுக்க முடியாது. ஆனால் மாகாளியப்பன் முகத்தில் இருந்த கூச்சத்தைப் பார்த்தால் நடிப்பாகத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்ல நேர்ந்த மனுஷனின் முகம் அது. "டயர்ல வைங்க" என்றாள்.

இந்தத் தடவை ஓடு பறக்கும், கல்யாணம் நிற்கும் என்ற பேச்சே எழவில்லை. அவர் எழுந்து, முனகிக்கொண்டே டயரை உருட்டி வந்தார். சங்கிலியில் தூக்கி வைத்து வயரைக் கொடுத்ததும் இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. சுகுணா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கம்பெனியில் அவள் தலையாட்டி அனுப்பும் பம்புகளின் சத்தம் அப்படித்தான் இருக்கும், ஒரே சீராக. இன்ஜினை நிறுத்தியதும் சகாயம் நாலு சிலிண்டருக்கும் அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தார். நாலிலும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. சகாயம் மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்துவிட்டு, மீட்டர் கெட்டுவிட்டதோ என்று அதைத் தட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் மாட்டியாயிற்று. சனிக்கிழமை அந்தக் காரிலேயே வேலைக்குப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் பொட்டலில் மூன்று ஓட்டம் ஓட்டினாள். ஒரு கூம்பு கூட விழவில்லை. கடைசி ஓட்டத்தில் அரை செகண்ட் வித்தியாசத்தில் அவளுக்கு முதல் இடம். கோப்பையைக் கையில் வாங்கும்போது அவள் அழுதேவிட்டாள், அதை மறைக்கவும் இல்லை.

கூட்டத்தில் மாகாளியப்பனும் இருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. பையன்கள் சுகுணாவைச் சுற்றிக்கொண்டு, என்ன இன்ஜின், உள்ளே என்ன வேலை செய்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று பிய்த்தெடுத்தார்கள். அவர் இரண்டடி தள்ளி, மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் போல நின்றார்.

"உள்ள ஒண்ணும் பண்ணலீங்க. கார் கம்பெனி போட்டு அனுப்புன அதே சாதா இன்ஜின்தான்" என்றாள் சுகுணா. "மாகாளியண்ணன் கடையில வாங்கினேன். அவரு என்ன சொன்னாரோ அப்படியே இருந்துச்சு."

மாகாளியப்பன் முகம் வெளுத்துப் போயிற்று. அவளை அவசரமாகக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன அம்மிணி, குடியைக் கெடுத்துட்டீங்களே."

"உண்மையைத்தானுங்ணா சொன்னேன்."

"அதுதேனுங்க வினையே. இருபது வருஷமா கடை நடத்தறேன், ஏமாந்துட்டேன்னு சொல்லி ஒருத்தன் என்ற வாசல்ல வந்து நின்னதில்லீங்க. ஏனுங்க? எவனும் நான் சொல்றதை நம்பி வாங்குனதில்ல. இனி நம்பிட்டு வருவானுங்க. நாளைக்கு அந்த வால்பாறை இன்ஜினை நம்பி வாங்கிட்டுப் போறவன் திரும்பி வந்தா, நான் என்னத்தைச் சொல்லுவனுங்க?"