சீர்வண்டி ஏன் ஆடியது?

மணவாசல் சீமையை ஆண்ட சொக்கேந்திர ராஜாவுக்கு எதையும் தடபுடலாகச் செய்ய வேண்டும். மகளின் கல்யாணச் சீரைத் தனியாக அனுப்பமாட்டாராம். தன் ரதத்தின் பின்னாலேயே சீர்வண்டியைக் கட்டி இழுத்துப் போவாராம்!

இரண்டையும் இணைக்க ஆசாரி மூன்று கொக்கிகள் செய்து வந்தார். எது நல்லது என்று சொல்லும் பொறுப்பு சபையின் விகடகவி ஆவுடையப்பர் தலையில் விழுந்தது. வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏறி உட்காருவதுதான். தெரியாது என்று சொல்ல வாய் வருமா? தாடியைத் தடவிக்கொண்டே, பித்தளைச் சிங்கமுகம் வைத்த கொக்கியைக் காட்டினார்.

"சிங்கம் பிடித்தால் விடாது, மகாராஜா!"

வெள்ளோட்டம் விட்டார்கள். ஆவுடையப்பர் சீர்வண்டியின் பின்கோடியில் ஜம்மென்று சாய்ந்துகொண்டார். குதிரைகள் வேகமெடுத்ததும் வண்டி இப்படியும் அப்படியும் ஆடி, ரதத்தையும் சேர்த்து ஆட்டியது. ராஜாவின் தலைப்பாகை வாய்க்காலில் போய் விழுந்தது.

"சிங்கமாம் சிங்கம்!" ராஜா கத்தினார். "புறப்பட இரண்டு நாழிகைதான் இருக்கிறது. கொக்கியை மாற்ற நேரமில்லை. வண்டியிலுள்ள பாரத்தைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. ஆட்டம் நிற்காவிட்டால் சம்பந்தி ஊர்வரை நீர் நடந்துதான் வரவேண்டும்!"

பத்துக் காதம்! சேனாதிபதி ரணசிங்கத்துக்கு வாயெல்லாம் பல். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆவுடையப்பரோ, எல்லாம் தெரிந்தவர்போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கால் வலித்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, கொக்கி கிறீச்சிட்டது. இறங்கினார், அடங்கியது. மறுபடி ஏறினார், மறுபடி கிறீச்.

"அடப்பாவி, நீதானா?" என்று தன் வயிற்றையே முறைத்தார்.

சத்தம் காட்டாமல் வண்டியின் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். ரதம் மறுபடி கிளம்பியது. குதிரைகள் பறந்தன. சீர்வண்டி துளிகூட ஆடவில்லை.

"என்ன மந்திரம் போட்டீர்?" என்றார் ராஜா.

"மந்திரமில்லை, மகாராஜா. பின்பாரம் மிஞ்சினால் வண்டி ஆடத்தான் செய்யும். அந்தப் பின்பாரம் அடியேன். இப்போது முன்னால் வந்துவிட்டேன். கொக்கி பாவம், அதைத் திட்டாதீர்கள்."

ரணசிங்கம் விடுவாரா? "குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார், பிரபு! நடக்க விடுங்கள். அவர் இடத்தில் நான் உட்காருகிறேன்."

"தாராளமாக!" என்றார் ஆவுடையப்பர். "ஆனால் பாரம் குறையக் கூடாது என்பது மகாராஜாவின் கட்டளை. சேனாதிபதி என்னைப்போல இருபது வருஷம் ஒரு வேலையும் செய்யாமல் அரண்மனையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அதுவரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே உத்தரவும் போட்டார்: "இனி இவர் இளைத்தால், சமையல்காரனைத்தான் கேட்பேன்!"