கிணத்துல விழுந்த நல்லம்மா

எல்லாரும் உக்காருங்க. ஏ, தூணுக்குப் பின்னாடி குசுகுசுன்னு பேசுற ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அந்த வெத்தலையைத் துப்பிட்டு வாங்கய்யா. கதை நடுவுல எந்திரிச்சுப் போனா அப்படியே நிறுத்திருவேன். ஆச்சா? சரி.

கீழச்சீமைன்னு ஒரு சீமை. ராசா பேரு பூபதிராயர். அந்தச் சீமையில வீட்டுக்கு வீடு ஒரு மாயக் கண்ணாடி. பளிங்குராயர்னு ஒரு வியாபாரி வாடகைக்கு விட்டது. சுவத்துல மாட்டிட்டு "கூத்து காட்டு"ன்னா போதும், உள்ளுக்குள்ள கூத்து ஓடும். ஆனா அந்தக் கண்ணாடிக்கு மூக்கு இருந்துச்சு. பக்கத்துல இருக்கிற மண்ணை மோந்து பாக்கும். எந்தச் சீமை மண்ணோ அந்தச் சீமைக்கு உண்டான கூத்தைத்தான் காட்டும். வேற கேட்டீங்கன்னா, சளி புடிச்ச குரல்ல, "மன்னிக்கணும். அது உங்க சீமைக்குக் கிடையாது"ன்னு சொல்லிட்டு இருண்டு போயிரும்.

இதுல நல்லம்மா கூத்துன்னு ஒண்ணு வந்துச்சு. ஊரே வேலைவெட்டியை விட்டுட்டுப் பாத்துச்சு. நாத்தனாக்காரி நல்லம்மாவைக் கிணத்துல தள்ளுறா. பொத்துன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், கண்ணாடி இருண்டு போச்சு. மிச்சக் கதையை மேலச்சீமைக்கு மட்டும்னு பேசி வித்துட்டாரு பளிங்குராயர்.

கீழச்சீமையில ஒருத்தருக்கும் சோறு எறங்கல. ராசாவுக்கும் எறங்கல. அரண்மனைக் கண்ணாடியில ஏனோ நல்லம்மா வர்றதே இல்ல. மனுசன் முக்காடு போட்டுக்கிட்டு குதிரைக்காரன் வீட்டுல போய்ப் பாத்துட்டு வந்தாரு, பாவம்.

ஒருத்திக்கு மட்டும் சோறு எறங்குச்சு. கோட்டை வாசல்ல பணியாரம் சுடுற பேச்சி. பேருதான் பேச்சி. பணியாரம் என்ன விலைன்னு கேட்டாக்கூட விரலைத்தான் காட்டுவா. அவளும் புருசன் கறுப்பனும் மேலச்சீமையிலேருந்து பொழைக்க வந்தவங்க. அவ வீட்டுக் கண்ணாடியில மிச்சக் கதையும் ஓடுதுன்னு பளிங்குராயருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. நேரா சபைக்கு இழுத்துட்டு வந்துட்டாரு.

"மகாராசா, இவ திருடி. மேலச்சீமை மண்ணைக் கண்ணாடிக்கு அடியில வெச்சு, அங்கயே இருக்கிற மாதிரி ஏமாத்திட்டா. புருசனையும் இவளையும் சீமையை விட்டுத் துரத்தணும்."

கறுப்பன் துண்டை வாயில அமுக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறான்.

சபையில மருதையன்னு ஒருத்தன். ராசாவைச் சிரிக்க வைக்கிறதுதான் அவனுக்கு உத்தியோகம். தெனம் காலையில பேச்சி கையால பணியாரம் தின்னு வளத்த வயிறு அவனுது. அவன் முன்னால வந்து நின்னான்.

"அது என்ன மண்ணு தாயி?"ன்னு கேட்டான்.

பேச்சி மடியிலேருந்து மஞ்சத் துணி முடிச்சை எடுத்து அவுத்தா. உள்ள ஒரு கை மண்ணு, காஞ்ச அரளிப்பூ.

"அட, பிடிமண்ணு"ன்னான் மருதையன். "ஊரை விட்டு வரும்போது குலசாமி கோயில்ல ஒரு பிடி அள்ளிக்கிட்டு வந்திருக்கா. மந்திரி ஐயா, உங்க வீட்டுச் சாமி எங்கேருந்து வந்துச்சு?"

"தெக்கச்சீமை பிடிமண்ணுப்பா."

"தளபதி ஐயா?"

"வடக்கச்சீமை."

"மகாராசா, நம்ம அரண்மனைச் சாமி?"

ராசா நிமுந்து உக்காந்தாரு. "எங்க பாட்டன் மலைச்சீமையிலேருந்து தலையில சொமந்து கொண்டுவந்த மண்ணு. கண்ணாடிக்குப் பக்கத்துலதான் இருக்கு."

"உங்க கண்ணாடி என்ன காட்டுது மகாராசா?"

நிமுந்தவரு கூனிட்டாரு. "எப்பப் பாத்தாலும் ஆட்டுக்குக் கொம்பு சீவுறதைத்தான்யா காட்டுது. ராசாவுக்குன்னு தனி மரியாதை போலன்னு சும்மா இருந்தேன்."

"அது மலைச்சீமைக் கூத்து மகாராசா. நீங்களும் கண்ணாடியை ஏமாத்தியிருக்கீங்க."

பளிங்குராயர் குதிச்சாரு. "ராசா தெரியாம செஞ்சது. இவ தெரிஞ்சே செஞ்சா. சாமி மாடத்துல இருந்த மண்ணைக் கண்ணாடிகிட்டக் கொண்டு வந்து வெச்சிருக்கா."

"அப்படியா தாயி?"

பேச்சி ஆமான்னு தலையை ஆட்டினா. வாசல்ல கறுப்பன் அப்படியே உக்காந்துட்டான்.

"ஒத்துக்கிட்டா. தப்புதான்"னான் மருதையன். "ஓய், கண்ணாடி குடுக்கும்போது, பேச்சை மீறினா என்ன செய்வேன்னு சொன்னீரு?"

"கண்ணாடியைப் புடுங்கிக்குவேன்னு சொன்னேன்."

"அப்பப் புடுங்கிக்கிடும். அது உம்ம கடை விதி. சீமையை விட்டுத் துரத்துறது ராசா சட்டம். மகாராசா, எந்த மண்ணை எங்க வெக்கக் கூடாதுன்னு நீங்க ஏதாவது சட்டம் போட்டீங்களா?"

"இல்லையே."

"வேணும்னா இப்பப் போடுங்க. ஆனா மொத மூட்டையை நீங்கதான் கட்டணும். இந்நேரம் வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு. இனிமே ஆட்டுக்கொம்பு பாத்தீங்கன்னா அது தெரிஞ்சே செஞ்ச தப்பு."

ராசா மீசைக்குள்ள சிரிச்சாரு. பளிங்குராயர் சளைக்கல. "சரி, கண்ணாடியைக் குடும்மா"ன்னு கையை நீட்டினாரு.

"அது எப்படி, அவளோடது மட்டும்? மந்திரி வீடு, தளபதி வீடு, அரண்மனை, பிடிமண்ணு இருக்கிற எல்லா வீட்டுலயும் புடுங்கும் ஓய். அப்புறம் யாருக்கு வாடகைக்கு விடுவீரு?"

நீட்டின கை மடங்கிருச்சு. "இருக்கட்டும். அந்தம்மா மண்ணை மறுபடி மாடத்துலயே வெச்சிட்டாப் போதும்"னாரு. பேச்சி தலையை ஆட்டினா.

ராசா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. தோள்ல கெடந்த பட்டை எடுத்து மருதையனுக்குப் போத்திவிட்டாரு. "எங்கடா இருந்துச்சு இவ்வளவு அறிவு?"

"பணியாரத்துல இருந்துச்சு மகாராசா."

பேச்சி முடிச்சைக் கட்டிக்கிட்டுக் கெளம்பினா. ராசா மெதுவா அவ பக்கம் சாஞ்சாரு. குரலைத் தாழ்த்தினாரு.

"அது சரி தாயி, நீதான் மிச்சத்தைப் பாத்துட்டியே. நல்லம்மா கிணத்துலேருந்து ஏறினாளா?"

மந்திரி காதைத் தீட்டிக்கிட்டாரு. தளபதி மூச்சே விடல. சாமரம் வீசுறவன் சாமரத்தை நிறுத்திட்டான்.

பேச்சி நிமுந்து பாத்தா. வாயைத் திறந்தா. அச்சு அசலா கண்ணாடியோட அதே சளி புடிச்ச குரலு.

"மன்னிக்கணும் மகாராசா. அது உங்க சீமைக்குக் கிடையாது."