தொட்டி எலுமிச்சைக்குப் படைத்த சோறு

இந்தக் கதையில் வரும் எலுமிச்சை பிழைத்துக்கொண்டது என்பதைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. சொன்னவர் இளையபெருமாள். கதையில் வரும் சீடரும் அவர்தான்.

தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தபோது அவர் ஒரு மண்தொட்டியைச் சுமந்து வந்தார். இறந்துபோன மகள் விதை போட்டு வளர்த்த எலுமிச்சை. அவள் கை பட்டதென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

மூன்றாம் வருடம் இலைகள் மஞ்சளித்து உதிர ஆரம்பித்தன. மடத்துத் தலைவி மங்களவல்லி அம்மாளிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"என்ன போடுறீங்க?"

"கடலைப் புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி, அம்மா. வாரம் ஒரு தடவை. இலை பழுத்ததிலிருந்து ரெண்டு தடவை."

"வேற?"

அவர் தயங்கினார்.

"அமாவாசைக்கு மகளுக்குப் படைக்கிற சோறு. அவ்வளவையும் வேரடியில புதைச்சிடுவேன்."

"காக்காய்க்கு வைக்கிறதில்லையா?"

"காக்கா தின்னுட்டுப் பறந்துடுது. இது இங்கேயே நிக்குது."

அம்மாள் சிரிக்கவில்லை. தொட்டியைச் சாய்த்து மரத்தை உருவினார். புளித்த வாடை எழுந்தது. வேர்கள் கறுத்து, தொட்டாலே தோல் வழுக்கிக் கழன்றது. கத்தியை அவரிடம் நீட்டினார்.

"எவ்வளவு வெட்டணும்?"

"வெள்ளை தெரியுற வரைக்கும்."

வெட்டி முடித்தபோது மிஞ்சிய வேர் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

"செத்துப்போச்சுன்னா?"

"போகலாம்."

மணல் கலந்த புது மண்ணில் அம்மாள் அதை நட்டார். கிளைகளைப் பாதியாகக் குறைத்து நிழலில் வைத்தார்.

"இனி என்ன போடட்டும்?"

"தளிர் விடுற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம். மண்ணு காய்ஞ்சா தண்ணி."

"வியாழக்கிழமை அமாவாசை."

"படைங்க. காக்காய்க்கு ஒரு பிடி வைங்க. மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க."

"அது அவ சோறு, அம்மா. நான் எப்படித் திங்க?"

அம்மாள் மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையில அவ தட்டுல மிச்சம் வெச்சதை யார் சாப்பிட்டது?"

அவர் குனிந்து, வெட்டிப்போட்ட வேர்களைப் பொறுக்கினார்.

நாற்பதாம் நாள் தளிர் விட்டது என்று இளையபெருமாள் கதையை முடிப்பார். அத்தனை வேர் போன மரம் எப்படித் தளிர்க்கும் என்று ஒவ்வொரு தடவையும் நான் மடக்குவேன். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். போன ஆடியில் மடத்துக்குப் போனபோது மரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை; கேட்டது இது ஒன்றுதான்.

"அந்த வியாழக்கிழமை சாப்பிட்டீங்களா, ஐயா?"