கொம்பு வைத்த தளபதியும் குட்டை வாசலும்

முன்னொரு காலத்திலே, ஜப்பான் தேசத்து மலைநாடு ஒன்றில் இவாகூரா என்றொரு தளபதி இருந்தான். வீரன்தான், யார் இல்லையென்றது? ஆனால் வாயைத் திறந்தால் போதும், "நான் யார் தெரியுமா?" என்பான்.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் தாகம். காட்டுக்குள்ளே ஒரு தேநீர்க் குடிசை. அதன் வாசல் இடுப்பளவுகூட இல்லை. ராஜாவே வந்தாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். அந்த நாட்டுத் தேநீர் வழக்கம் அப்படி. நம்ம ஆளுக்கு வந்ததே கோபம்!

"நான் யார் தெரியுமா? வாசலை உயர்த்திக் கட்டு."

உள்ளே இருந்த மாயக்காரி எட்டிப் பார்த்தாள். தளபதியின் தலைக்கவசத்தில் இரண்டு கொம்புகள்.

"தெரியலையேப்பா. கொம்பைப் பார்த்தா மாடுன்னு தோணுது."

சொல்லிவிட்டு உள்ளங்கையில் ஊதினாள். கவசம் தலையோடு ஒட்டிக்கொண்டது. "இந்த வாசல் வழியா வந்து ஒரு கிண்ணம் தேநீர் குடி, கழன்றுடும்."

அவனா குனிவான்? வீட்டுக்குப் போனான். அங்கே மனைவி சயோவின் மடியில் பச்சைக்குழந்தை. ஆசையாகக் கையை நீட்டினான். கொம்பைக் கண்டு குழந்தை வீறிட்டது.

"கிட்ட வராதீங்க, கண்ணைக் குத்திடும்," என்று சயோ பிள்ளையை வாரிக்கொண்டாள். தளபதியால் அழக்கூட முடியவில்லை, கவசம் இறுக்கியது.

மறுநாளே குடிசைக்கு ஓடினான்.

"யாரது?" என்றது அடுப்பிலிருந்த கெண்டி.

"நான் யார் தெரியுமா?"

கொம்பு ஒரு முழம் வளர்ந்து வாசலில் முட்டியது.

அடுத்த நாள் பின்பக்கமாகத் தவழ்ந்து பார்த்தான். இடுப்பு வாள் குறுக்கே மாட்டிக்கொண்டது. பாதித் தளபதி உள்ளே, மீதி வெளியே.

"யாரது, இந்தப் பக்கமா வர்றது?"

"நான் யார் தெரியுமா?"

இன்னும் ஒரு முழம். வீடு திரும்புவதற்குள் ஒரு காக்கை கொம்பில் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. குழந்தை இன்னும் உரக்க அழுதது.

மூன்றாம் நாள் வாளைக் கழற்றி வெளியே மாட்டினான். மண்டியிட்டான்.

"யாரது?"

"நான் யா..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "பெத்த பிள்ளையைத் தூக்க முடியாத அப்பன், தாயே. தாகமாவும் இருக்கு."

நத்தைக் கொம்பு போல இரண்டும் உள்ளே சுருங்கின. தவழ்ந்து போனான். மாயக்காரி கொடுத்த கிண்ணத்தை இரு கையாலும் வாங்கி, அந்த நாட்டு மரியாதைப்படி அதன் அழகான பக்கத்தில் வாய் படாமல் திருப்பிக் குடித்தான். கடைசிச் சொட்டு இறங்கியதும் கவசம் கழன்று விழுந்தது. அதைக் காக்கைக்கே விட்டுவிட்டு நடந்தான்.

வெறுந்தலையோடு வந்தவனை அவன் வீட்டுக் காவல்காரனே வாசலில் மறித்தான். "யாருய்யா நீ?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"குழந்தையைப் பார்க்க வந்திருக்கேன்," என்றான்.

சயோ குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அது அவனை உற்றுப் பார்த்தது. பொக்கைவாய் திறந்து சிரித்தது. பிறகு அவன் பட்டு அங்கி முழுவதையும் நனைத்துவிட்டது.

சயோ சிரித்தாள். "நீங்க யாருன்னு இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."